ரோமாபுரியின் மொட்டைக் கடுதாசி மூலை!

சுவருக்கும் காது உண்டு என்பது நம்ம ஊர்ப் பேச்சு. ரோமாபுரிக்காரர்கள் ஒரு படி மேலே போய், கல்லுக்கு வாயே வைத்து விட்டார்கள். ஐந்நூறு வருஷமாக அந்த வாய் மூடவில்லை. மூட வைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பிய போப்பாண்டவர்கள் பல பேர். அத்தனை பேரும் போய்ச் சேர்ந்து விட்டார்கள். கல் மட்டும் அதே முக்கில் நின்று கொண்டிருக்கிறது.

'நின்று கொண்டிருக்கிறது' என்பதும் கொஞ்சம் ஓவர்தான். நிற்பதற்குக் கால் வேண்டாமா?

ஆசாமியின் பெயர் பாஸ்க்வினோ. ரோமுக்கு டூர் போகிறவர்கள் கொலோசியத்தின் முன்னால் போட்டோ எடுத்துக் கொள்வார்கள். வாடிகனில் அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு திரும்புவார்கள். ட்ரெவி நீரூற்றுக்கு முதுகைக் காட்டிக் கொண்டு காசு வீசுவார்கள். நகரத்தின் நட்டநடுவில் இருக்கிற நவோனா சதுக்கத்தில் உட்கார்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிடுவார்கள். அந்தச் சதுக்கத்தின் தெற்கு ஓரத்திலிருந்து ஒரு சந்து வழியாக இரண்டு நிமிஷம் நடந்தால் பாஸ்க்வினோ. பிராஸ்கி அரண்மனையின் பின்பக்க மூலையில், ஒரு பீடத்தின் மேல் இருக்கிறார். பாதிப் பேர் கவனிக்காமலே தாண்டிப் போய் விடுவார்கள். கவனிக்கிற மீதிப் பேரும், 'பாவம், ரிப்பேருக்கு வெச்சிருக்காங்க போல' என்றுதான் நினைப்பார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மூக்கு கிடையாது. கைகள் இரண்டும் காலி. தொடைக்குக் கீழே ஒன்றுமில்லை. முகமோ, பல வருஷம் அரைத்த சந்தனக் கட்டை மாதிரி தேய்ந்து, கண் எது கன்னம் எது என்று தெரியாத நிலைமை. போதாக்குறைக்கு இடுப்பருகே இன்னொரு உடம்பின் மிச்சம் வேறு ஒட்டிக் கொண்டிருக்கிறது. நம்ம பக்கத்தில் இப்படி ஒரு விக்கிரகம் இருந்தால், 'மூளியாகி விட்டது, பூஜைக்கு ஆகாது' என்று ஆற்றில் விட்டிருப்பார்கள். (ரோமிலும் ஆற்றில் போடப் பார்த்தார்கள். அந்தக் கூத்து பிறகு வருகிறது.)

ஆனால் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சிலைக்கு அருகில் ஒரு பலகை. அதில் காகிதம் காகிதமாக ஒட்டியிருக்கும். சில சீட்டுகளில் கவிதை, சிலவற்றில் திட்டு, சிலவற்றில் இரண்டும் கலந்த ஒரு சமாசாரம். மந்திரி, மேயர், குப்பை, ஊழல்... எதுவும் தப்பாது. அவ்வளவும் மொட்டைக் கடுதாசி!

*

15-ம் நூற்றாண்டில், இந்த வட்டாரத்தில் பள்ளம் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தவர் பாஸ்க்வினோ. 1501-ல் ஒலிவியெரோ கராஃபா என்கிற கார்டினல், தான் குடியிருந்த மாளிகையின் மூலையில் பீடம் கட்டித் தூக்கி வைத்தார். ஆள் யார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஹெர்குலிஸ் என்றார்கள், மல்யுத்த வீரன் என்றார்கள். பிற்பாடு ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னது: இவர் கிரேக்க ராஜா மெனலாஸ். ட்ராய் யுத்தத்தில் செத்து விழுந்த பட்ரோக்ளஸின் உடலை எதிரிகளிடம் விடாமல் தூக்கிப் பிடித்திருக்கிற காட்சி. இடுப்பில் ஒட்டியிருக்கிற மிச்சம்தான் பட்ரோக்ளஸ். இதே காட்சியின் இன்னொரு பிரதி ஃப்ளோரன்ஸ் நகரத்தில் முழுசாக நிற்கிறது. கை, கால், மூக்கு எல்லாம் (ஒட்டுப்போட்டதாவது) இருக்கிறது. ஆனால் அதன் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மூளிக்குத்தான் மவுசு.

இதை அழகில்லாத கல் என்று நினைத்தால், சிற்பி பெர்னினி நம்மை அடிக்க வருவார். 17-ம் நூற்றாண்டு ரோமைச் செதுக்கியவர் என்றே அவரைச் சொல்லலாம். ஒரு வெளிநாட்டுக்காரர் அவரிடம், "ரோமில் இருக்கிற பழைய சிலைகளில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது?" என்று கேட்டாராம். "பாஸ்க்வினோ" என்றார் பெர்னினி. கேட்டவருக்குக் கோபம் வந்து விட்டது. தன்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக் கொண்டார். பெர்னினி சொன்னதென்னவோ நிஜமாகத்தான். அந்த உடம்பின் முறுக்கில், சதையின் திமிறலில் தெரிகிற வேலைப்பாடு அவருக்குத்தான் தெரியும்!

சரி, சிலை எப்படிப் பேச ஆரம்பித்தது?

ஆரம்பம் என்னவோ ரொம்ப சாது. வருஷா வருஷம் ஏப்ரல் 25, புனித மாற்கு திருநாள். அன்றைக்கு கார்டினல் கராஃபா ஒரு கவிதைப் போட்டி வைத்தார். பாஸ்க்வினோவுக்கு ஒரு வருஷம் ஒரு தெய்வம், அடுத்த வருஷம் இன்னொரு தெய்வம் என்று மாறுவேஷம் போடுவார்கள். மாணவர்களும் வாத்தியார்களும் லத்தீனில் பாட்டு எழுதிக் கொண்டு வந்து சிலை மேலும் பீடத்திலும் ஒட்டுவார்கள். 1509-ல் அந்தப் பாட்டுக்களைத் தொகுத்துப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். எல்லாம் ஒழுங்கு மரியாதையாகத்தான் இருந்தது.

ஒட்டுகிறவர் யாரென்று தெரியாது, ஒட்டினதை ஊரே படிக்கும் என்று ஒரு இடம் இருந்தால், அங்கே எத்தனை நாளைக்கு இலக்கணக் கவிதை மட்டும் ஓடும்? சீக்கிரமே பாட்டில் பச்சைமிளகாய் சேர்ந்தது. 'கார்டினல் இன்னார் எவ்வளவு சுருட்டினார்?', 'போப்பாண்டவரின் மருமானுக்குப் பதவி எப்படிக் கிடைத்தது?' என்று ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டி விட்டுப் போனார்கள். காலையில் கூட்டம் கூடிப் படித்துச் சிரித்தது. காவலர்கள் வந்து கிழிப்பதற்குள் நாலு பேர் காப்பி எடுத்திருப்பார்கள். அக்கம்பக்கத்தில் அச்சுக்கூடங்கள், புத்தகக் கடைகள், பத்திரம் எழுதுகிறவர்கள்... கேட்க வேண்டுமா? மத்தியானத்துக்குள் சமாசாரம் ஊர் பூராவும்.

பாஸ்க்வினோ என்கிற பெயர் எப்படி வந்ததாம்? அந்தத் தெருவில் பாஸ்க்வினோ என்று ஒரு தையல்காரர் இருந்தாராம். வாடிகனுக்குத் துணி தைத்துக் கொடுக்கப் போய், அங்கே காதில் விழுந்ததையெல்லாம் கடையில் வந்து அவிழ்த்து விடுவாராம். அவர் காலமான பிறகு சிலைக்கு அந்தப் பெயர். இல்லை, முடிதிருத்துபவர் என்பார் சிலர். வாத்தியார் என்பார் இன்னும் சிலர். சலூன், தையல் கடை, பள்ளிக்கூடம்... எது நிஜமோ, வம்பு பிறக்கிற இடங்கள் உலகமெங்கும் ஒன்றுதான் என்பது மட்டும் தெரிகிறது! இன்றைக்கும் இத்தாலி, இங்கிலீஷ், ஃப்ரெஞ்ச் அகராதிகளில் கிண்டல் எழுத்துக்கு 'பாஸ்க்வினேட்' வகையறாவாக ஒரு வார்த்தை உட்கார்ந்திருக்கிறது. அதுவும் இவர் தயவுதான்.

*

1522-ல் போப்பாண்டவரானார் ஆறாம் ஏட்ரியன். நெதர்லாந்துக்காரர். சிக்கனம், கண்டிப்பு, விருந்து கேளிக்கை எதுவும் ஆகாது. ரோமாபுரிக்கு அவரைப் பிடிக்கவில்லை. பாஸ்க்வினோ மேல் காகிதம் மழையாகக் கொட்டியது. "இந்தக் கல்லைத் தூக்கி டைபர் நதியில் போடுங்கள்!" என்று கத்தினார் ஏட்ரியன்.

ஸ்பெயின் தூதர் ஒருவர் சமயோசிதமாகக் குறுக்கே வந்தார். "வேண்டாம் சாமி! தண்ணிக்குள்ள போட்டா, அங்கே இருக்கிற தவளையெல்லாம் இவன் பாட்டைக் கத்துக்கிட்டு ராப்பகலா கத்த ஆரம்பிச்சுடும்!" என்றாராம். போப்பாண்டவர் யோசித்தார். சிலை தப்பித்தது.

அடுத்த வருஷமே ஏட்ரியன் இறந்து போனார். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வீட்டு வாசலில் யாரோ மாலை கட்டி, நாட்டைக் காப்பாற்றிய புண்ணியவான் என்று டாக்டருக்கு நன்றி எழுதித் தொங்க விட்டார்கள். ரோமாபுரி நக்கல் அந்த அளவுக்குப் பொல்லாதது.

இங்கே ஒன்றைச் சொல்லி விட வேண்டும். பாஸ்க்வினோ என்றால் ஏழை ஜனங்களின் குரல் என்று கைடுகள் உருக்கமாகச் சொல்வார்கள். முழுசாக நம்பி விடாதீர்கள். ஆரம்ப காலத்தில் எழுதினவர்களில் பாதிப் பேர் பெரிய மனிதர்களின் ஆட்கள். போப்பாண்டவர் தேர்தல் வந்தால், ஒரு கார்டினல் இன்னொரு கார்டினலைத் திட்டுவதற்கு ஆள் வைத்து எழுதினார். அதில் கில்லாடி பியெத்ரோ அரெத்தினோ என்கிற செருப்புத் தைப்பவர் மகன். 1521-22 தேர்தலில் மெதிச்சி குடும்பத்துக் கார்டினலுக்காக, எதிரணிக் கார்டினல்களை ஒருத்தர் விடாமல் துவைத்துக் காயப் போட்டார். விளைவு? 1525-ல் ரோம் வீதியில் ராத்திரி நேரத்தில் கத்திக் குத்து. பிழைத்தவர், வெனிஸ் பக்கம் போய் சௌக்கியமாக இருந்தார்.

அவரிடம் காரியதரிசியாக இருந்து, பிறகு சண்டை போட்டுப் பிரிந்த நிக்கோலோ ஃப்ராங்கோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. போப்பாண்டவர் நான்காம் பாலையும் அவர் குடும்பத்தையும் பற்றித் தாறுமாறாக எழுதினார் என்று வழக்கு. 1570-ல் ஐந்தாம் பயஸ் காலத்தில் ரோமிலேயே தூக்கில் போட்டார்கள். நாலு வரி நக்கலுக்குக் கயிறு!

பாஸ்க்வினோவிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் 'காம்போ தெ ஃபியோரி' என்று ஒரு மார்க்கெட் இருக்கிறது. காலையில் காய்கறி, பூ வியாபாரம் ஜோராக நடக்கும். அங்கே தான் 1600 பிப்ரவரி 17 அன்று ஜியோர்தானோ புரூனோவை உயிரோடு எரித்தார்கள். அவர் பாஸ்க்வினோ ஆள் இல்லை, தத்துவக்காரர். ஆனால் அந்த ஊரில் அந்தக் காலத்தில் வாயைத் திறப்பது என்றால் என்ன என்று புரிய, அங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். முக்காடு போட்டுக் குனிந்திருக்கிற புரூனோவின் வெண்கலச் சிலையை 1889-ல் வைத்தார்கள். அவருக்குச் சிலை வைக்க 289 வருஷம் ஆயிற்று.

அடுத்து ஐந்தாம் சிக்ஸ்டஸ். 1585-லிருந்து 1590 வரை போப்பாண்டவர். சின்ன வயசில் பன்றி மேய்த்தவர் என்பார்கள். இவர் பதவிக்கு வந்ததும் சகோதரி கமிலாவும் ஏழையாக இருந்த நிலை மாறி, பெரிய சீமாட்டி ஆகி விட்டார். ஒரு நாள் காலையில் பாஸ்க்வினோ அழுக்குச் சட்டை போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு சீட்டு. இன்னொரு சிலை கேட்கிறது: "என்னப்பா, சட்டை இவ்வளவு அழுக்கா இருக்கு?" பாஸ்க்வினோவின் பதில்: "என்ன பண்றது அண்ணே... எனக்குத் துணி துவைச்சுப் போட்ட அம்மா இளவரசி ஆயிட்டாங்களே!"

சிக்ஸ்டஸ் கோபத்தைக் காட்டிக் கொள்ளவில்லை. "எழுதினது யாருன்னு தைரியமா வந்து சொல்லட்டும். கை நிறையப் பொற்காசு தர்றேன். உயிருக்கு நான் உத்தரவாதம்" என்று அறிவித்தார். ஒரு அப்பாவி நம்பி வந்தான். பேசியபடி காசு கொடுத்தார். பேசியபடி உயிரையும் விட்டார். "ஆனா கையை வெட்ட மாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே" என்று இரண்டு கைகளையும் வெட்டி, நாக்கிலும் துளை போடச் சொன்னாராம்.

இது நடந்த கதையா, கட்டின கதையா என்று சரித்திரக்காரர்கள் இழுப்பார்கள். ரோமாபுரிக்காரர்கள் நானூறு வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். பாஸ்க்வினோவுக்குக் கை இல்லாததில் எவ்வளவு சௌகரியம், பாருங்கள்!

*

இப்போது சந்து வழியாகத் திரும்பவும் நவோனா சதுக்கத்துக்கு வருவோம். நீளமாக, ஒரு முனை வளைவாக இருக்கும். கி.பி. 86 வாக்கில் டொமிஷியன் சக்கரவர்த்தி கட்டிய ஓட்டப்பந்தய மைதானம் இது. மைதானம் போய் விட்டது, அதன் உருவம் அப்படியே சதுக்கமாக நிற்கிறது. வீடுகள் எல்லாம் அந்தக் காலத்து கேலரிகளின் மேல்தான் எழும்பியிருக்கின்றன.

நடுவில் பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்று. 1651-ல் திறந்தது. குடைந்த பாறை, அதன் மேல் வானத்தைக் குத்துகிற எகிப்திய பாணித் தூண், பாறையின் நான்கு மூலையிலும் நான்கு கண்டத்து நதிகள். ஐரோப்பாவுக்கு டான்யூப், ஆப்பிரிக்காவுக்கு நைல், அமெரிக்காவுக்கு ரியோ தெ லா பிளாட்டா, ஆசியாவுக்கு... நம்ம கங்கை!

ஓடிப் போய்ப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும். கங்காதேவி தாடி வைத்திருக்கிறார்! கையில் ஒரு துடுப்போடு, திடகாத்திரமான ஆம்பிளை! அந்த ஊர் வழக்கப்படி நதி என்றால் ஆண். பெர்னினி மேல் தப்பில்லை. ஆனாலும் சிவபெருமான் தலையில் இவரை வைத்துக் கற்பனை பண்ணிப் பார்க்க மனசு வரவில்லை.

நைல் நதி முகத்தைத் துணியால் மூடிக் கொண்டிருக்கும். எதிரே இருக்கிற தேவாலயம் பெர்னினியின் போட்டியாளர் பொரோமினி கட்டியது, அது சகிக்காமல்தான் மூடிக் கொண்டது என்று கைடு கண்ணடிப்பார். சுத்தப் புருடா. நீரூற்று திறந்த பிறகுதான் தேவாலய வேலையே ஆரம்பித்தது. நைல் எங்கே பிறக்கிறது என்று அன்றைக்கு ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது, அதனால்தான் முக்காடு.

இந்த அழகுக்கு யார் காசு கொடுத்தார்கள்? அங்கேதான் பாஸ்க்வினோ வருகிறார். கட்டச் சொன்னவர் போப்பாண்டவர் பத்தாம் இன்னொசென்ட். அவர் குடும்ப மாளிகை சதுக்கத்தை ஒட்டியே இருந்தது (இப்போது அதில் பிரேசில் தூதரகம்). தன் வீட்டு வாசலுக்குக் கோலம் போடுகிற மாதிரி, தூணும் நீரூற்றும். ரோமில் ஜனங்கள் ரொட்டிக்கு அல்லாடிக் கொண்டிருந்த நேரம் அது. செலவுக்குப் பணம் எங்கே? ரொட்டி மேல் வரி!

தூணும் வேண்டாம், ஊற்றும் வேண்டாம், ரொட்டி கொடு ரொட்டி கொடு என்கிற அர்த்தத்தில் சீட்டு முளைத்தது. பாஸ்க்வினோ மேல் ஐந்நூறு வருஷமாக ஒட்டியதில் சாமர்த்தியமானவை எத்தனையோ. சிலேடை இருக்கும், லத்தீன் விளையாட்டு இருக்கும். இதில் அதெல்லாம் கிடையாது. ஆள் வைத்து எழுதினது மாதிரியும் தெரியவில்லை. பசித்தவன் கையெழுத்து. அந்த நீரூற்றை எத்தனை தடவை ரசித்தாலும், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் அந்த ரொட்டி ஞாபகம் வந்து தொலைக்கிறது. பெர்னினியைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் உளிக்கு ஈடு கிடையாது. ஆனால் பில்லைக் கட்டினவர்கள் பெயர் அந்தப் பாறையில் எங்கும் இல்லை. எதிர்த்து எழுதின அந்த வரி மட்டும்தான் அவர்களுக்கு ரசீது.

அடுத்த வருஷத்திலிருந்து இன்னொரு வேடிக்கை. ஆகஸ்ட் மாத வார இறுதிகளில் நீரூற்றுகளின் வடிகாலை அடைத்து, சதுக்கத்தையே குளமாக்கி விடுவார்கள். பிரபுக்கள் அதில் குதிரை வண்டி ஓட்டி விளையாடுவார்கள். 1866 வரை நடந்தது இந்தத் தெப்ப உற்சவம்.

இன்னொசென்ட் காலத்தில் நிஜமான அதிகாரம் யாரிடம்? அவருடைய அண்ணன் மனைவி ஒலிம்பியாவிடம். அண்ணியாரைப் பார்க்காமல் போப்பாண்டவரிடம் காரியம் நடக்காது. பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போக முடியாது. பாஸ்க்வினோ அந்த அம்மாளின் பெயரையே பிரித்துப் போட்டார். 'ஒலிம் பியா' என்றால் லத்தீனில் 'ஒரு காலத்தில் பக்தியுள்ளவள்'. 'இப்போது?' என்று நீங்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நம்ம காளமேகப் புலவர் பார்த்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார். 1655-ல் இன்னொசென்ட் கண்ணை மூடியபோது, 'நான் ஏழை விதவை' என்று சொல்லி, சவப்பெட்டிக்குக் கூடக் காசு தர மறுத்து விட்டாராம் ஒலிம்பியா.

சிலேடை என்றதும் இன்னொன்று. சதுக்கத்திலிருந்து கிழக்கே ஐந்து நிமிஷம் நடந்தால் பாந்தியன். ஹேட்ரியன் சக்கரவர்த்தி காலத்துக் கோயில். 43 மீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட்டில் ஒரே கவிழ்த்த சட்டி, உச்சியில் ஒரு ஓட்டை, அது வழியாக வெயிலும் மழையும் உள்ளே வரும். கம்பி வைக்காத கான்கிரீட் கூரையில் இன்றைக்கும் உலகத்திலேயே பெரிசு. கோத் படைகளும் வாண்டல் படைகளும் ரோமைச் சூறையாடினபோதும் தப்பித்தது அதன் முன் மண்டபத்து வெண்கல உத்தரங்கள். 1625 வாக்கில் போப்பாண்டவர் எட்டாம் அர்பன் அதைப் பெயர்த்து எடுத்து உருக்கி, கோட்டைக்குப் பீரங்கி வார்த்து விட்டார். அர்பனின் குடும்பப் பெயர் பார்பெரினி. காட்டுமிராண்டிகளுக்கு லத்தீனில் 'பார்பரி'. பாஸ்க்வினோ விடுவாரா? பார்பரிகள் செய்யாததையும் பார்பெரினி செய்து முடித்தார் என்று ஒரே போடு! ஆறே வார்த்தைகளில் முடிகிற அந்த லத்தீன் நக்கலை ரோமில் படித்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

*

பாஸ்க்வினோ தனி ஆளாக மட்டும் பேசவில்லை. அவருக்கு ஒரு ஜமாவே இருந்தது. சிலையைச் சுற்றிக் காவல் போட்டால், சீட்டு வேறு சிலைக்குப் போய் விடும். 'நகைச்சுவை மன்றம்' என்று சொல்லக்கூடிய பெயரே வைத்து விட்டார்கள் இந்த ஆறு பேர் கூட்டத்துக்கு. அழுக்குச் சட்டை கேள்வி கேட்டவர் மார்ஃபோரியோ. தாடியோடு சாய்ந்து படுத்திருக்கிற பிரமாண்டமான தண்ணீர்த் தேவன். அவர் கேட்பார், பாஸ்க்வினோ சொல்வார். அந்தக் காலத்து இரட்டை நாயனம்.

நெப்போலியன் படைகள் இத்தாலிக்குள் புகுந்து, ரோமின் சிலைகளையும் ஓவியங்களையும் வண்டி வண்டியாக பாரிஸுக்குக் கொண்டு போன சமயம். மார்ஃபோரியோ கேட்டார், "ஏம்ப்பா, ஃப்ரெஞ்சுக்காரங்க எல்லாருமே திருடங்களாமே?" பாஸ்க்வினோ நிதானமாக, "எல்லாரும்னு சொல்லக் கூடாது... பெரும்பாலும்" என்றார். இத்தாலியில் பெரும்பாலும் என்பதற்கு வார்த்தை 'போனா பார்ட்டே'!

மற்ற நாலு பேரில் ஒரே பெண் மதாமா லுக்ரேசியா. பீப்பாயைப் பிடித்துக் கொண்டிருக்கிற தண்ணீர்க்காரர் ஒருவர். பார்க்கக் குரங்கு மாதிரி இருக்கிறாரென்று 'பபுயினோ' என்று பட்டம் வாங்கி, தெருவுக்கே அந்தப் பெயரைக் கொடுத்து விட்டவர் ஒருவர். இன்னொருவர் அபாத்தே லுயிஜி. அவர் தலையை யாராவது அடிக்கடி கழற்றிக் கொண்டு போய் விடுவார்கள்.

இதில் ரொம்ப ருசியான விஷயம், பாஸ்க்வினோவை ஒட்டி ஓடுகிற தெருவின் பெயர். கோவெர்னோ வெக்கியோ, அதாவது பழைய அரசாங்கத் தெரு. ரோமின் போலீஸும் நீதியும் யார் கையில் இருந்ததோ, அந்த கவர்னரின் அலுவலகம் 1755 வரை அதே தெருவில்தான் இருந்தது! 1724-லிருந்து 1730 வரை போப்பாண்டவராக இருந்த பதின்மூன்றாம் பெனடிக்ட், பாஸ்க்வினேட் எழுதினால் மரண தண்டனை, சொத்துப் பறிமுதல் என்று சட்டமே போட்டார். ஸ்டேஷன் வாசலிலேயே திருட்டு நடந்த மாதிரி, அப்போதும் சீட்டு நிற்கவில்லை.

போப்பாண்டவர்களின் ராஜ்யம் 1870-ல் முடிந்தது. பேப்பர்கள் வந்தன, பார்லிமெண்ட் வந்தது. பாஸ்க்வினோவுக்கு வேலை குறைந்தது. அப்புறம் முசோலினி வந்தார்.

பாஸ்க்வினோ முதுகைச் சாய்த்திருக்கிறாரே பிராஸ்கி அரண்மனை, அது 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆறாம் பயஸ் தன் சகோதரி மகனுக்காகக் கட்ட ஆரம்பித்தது. 'மருமான் பாசம்' கட்டடங்களில் கடைசிப் பெரிய கட்டடம் என்று சொல்லலாம். (இன்றைக்கு அது ரோம் நகர மியூசியம். 1952-லிருந்து.) முசோலினி காலத்தில் அங்கே பாசிஸ்ட் கட்சி ஆபீஸ். 1934 தேர்தலில் மெயின் ரோட்டைப் பார்த்த முன்பக்கச் சுவர் பூராவும் முசோலினியின் ராட்சத முகம். அதைச் சுற்றி 'ஆம்... ஆம்... ஆம்...' என்று நூறு தடவைக்கு மேல் எழுதியிருந்தார்கள். ஆம் என்று மட்டும்தான் ஓட்டுப் போடலாம் என்பதை அதற்கு மேல் தெளிவாகச் சொல்ல முடியாது. அந்தப் போட்டோ இன்றும் சரித்திரப் புத்தகங்களில் வருகிறது. அதே கட்டடத்தின் பின்மூலையில் மூக்கில்லாத மூளி.

1938 மே மாதம் ஹிட்லர் ரோமுக்கு வந்தார். விருந்தாளி கண்ணில் பழுது எதுவும் படக் கூடாதென்று, போகிற வழியெல்லாம் மரமும் அட்டையும் வைத்து மறைத்து அலங்கரித்தார்கள். கல்லில் கட்டிய ரோமை அட்டையில் கட்டி, சுவருக்கு வெள்ளையடிக்கிற பெயிண்டருக்கு வரவேற்பா, இனி அவர்தானே முதலாளி என்கிற ரீதியில் நாலு வரி ஊரெல்லாம் சுற்றியது. ரோமாபுரிக் கவிஞர் த்ரிலுஸா எழுதியது என்று சொல்வார்கள். மாட்டியிருந்தால் ஜெயில்தான். பாஸ்க்வினோ திரும்பப் பேசினார் என்று ஊர் சந்தோஷப்பட்டது.

2009-10-ல் சிலைக்கு வைத்தியம் பார்த்தார்கள். புகை, பசை, காகிதக் கறை எல்லாம் போய்க் கல் வெளுப்பாக ஆயிற்று. இனிமேல் மேனியில் ஒட்டக் கூடாது, பக்கத்துப் பலகையில் ஒட்டிக் கொள்ளலாம் என்று ஏற்பாடு. திட்டுவதற்கு மாநகராட்சியே பலகை வைத்துக் கொடுத்திருக்கிறது! பழைய ரசிகர்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். காவல்காரன் கண்ணில் மண்ணைத் தூவி ஒட்டின காலத்து ருசி வேறு. ஆனால் ஃப்ராங்கோவைக் கேட்டால் பலகையே தேவலை என்பார்.

மார்ஃபோரியோ இப்போது காப்பிட்டோலின் மியூசியத்தின் முற்றத்துக்குள் சொகுசாகப் படுத்திருக்கிறார். டிக்கெட் வாங்கினால்தான் பார்க்கலாம். சீட்டு ஒட்ட விட மாட்டார்கள். பாஸ்க்வினோவுக்கு டிக்கெட் கிடையாது, கதவு கிடையாது. நடுராத்திரி கூடப் போகலாம்.

போகிறவர்கள் கையோடு ஒரு செலோ டேப் எடுத்துக் கொண்டு போங்கள். அடியில் கையெழுத்து மட்டும் போட்டு விடாதீர்கள்.